ஆற்றில் இறங்கும் சக்கரம்



புளியஞ்சோலையில் சூரிய அஸ்தமனம் கிடையாது. துறையூர்ப் பக்கத்து வாசகர்கள் இதைப் படித்துப் புன்னகைப்பார்கள். மற்றவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். கொல்லிமலையில் பிறக்கும் அய்யாறு, ஆகாய கங்கை அருவியாக விழுந்து, காட்டுப் பள்ளத்தாக்கின் வழியே பாறை பாறையாக இறங்கி, திருச்சி மாவட்டத்தின் ஓரத்தில் சமவெளியைத் தொடுகிறது. அந்த இடமே புளியஞ்சோலை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை அதற்கு மேற்கே நிற்கிறது. ஆகவே நாமக்கல்லில் வெயில் இன்னும் வீட்டுச் சுவர்களில் மஞ்சளாகக் கிடக்கும் நேரத்திலேயே, புளியஞ்சோலையின் பாறைகள்மீது நிழல் ஏறிவிடுகிறது. வானம் வெளுத்திருக்க, கீழே தண்ணீர் கறுத்துக் குளிர்ந்திருக்கும். கதிரவன் கடலில் இறங்குவதைக் கன்னியாகுமரியில் பார்க்கலாம். இங்கே கிடைப்பது நீண்டதொரு நிழற்பொழுது. எனக்கு இதுவே அதிகம் பிடிக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தார் இவ்வாண்டு ஒருநாள் முகாமைப் புளியஞ்சோலையில் நடத்த விரும்புகிறார்கள். அதுபற்றிப் பேச வந்தவர்களில் ஒரு தம்பி தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். துருக்கி நாட்டில் எடுத்தது. தலைக்கவசம் அணிந்து, வாயையும் மூக்கையும் துணியால் மூடிய பயணிகள், தடித்த நான்கு சக்கரங்கள் கொண்ட சிறு வண்டிகளில் ஒருவர்பின் ஒருவராகப் போகிறார்கள். முன்னே வழிகாட்டி. கூம்பு கூம்பாக நிற்கும் பாறைகளுக்கிடையே புழுதி எழும்ப ஓட்டிச் சென்று, ஒரு மேட்டில் நிறுத்தி, சூரியன் இறங்குவதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஏடிவி என்றும் குவாட் பைக் என்றும் நம்மூர் மலை விடுதிகள் சிலவற்றிலும் வாடகைக்கு விடப்படுகிற அதே வண்டிதான்.

“ஐயா, நம்ம கொல்லிமலை அடிவாரத்துல இப்படி ஒண்ணு வந்தா எப்படி இருக்கும்? மலைப் பசங்களுக்கும் வேலை கிடைக்கும்ல?” என்று கேட்டார் அந்தத் தம்பி.

அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவது முதலாவதைவிடக் கனமானது. இரண்டுக்கும் அன்றைக்குச் சுருக்கமாக ஏதோ சொல்லி அனுப்பினேன். விரிவான பதிலை இவ்வாரம் எழுதுகிறேன். இன்பம் தேடுவது பாவம் என்று பிரசங்கிப்பேன் என எவரும் அஞ்ச வேண்டாம். மலைச்சரிவில் வேகமாக இறங்கும்போது வயிற்றில் எழும் அந்தக் குறுகுறுப்பை நானும் அறிவேன்.

காணொளியில் கண்ட நாட்டின் பெயர் கப்பத்தோக்கியா. வேதாகமம் வாசிப்பவர்களுக்குப் பழக்கமான பெயர். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தோரின் பட்டியலில் அது வருகிறது. பேதுரு தம் முதலாம் நிருபத்தை எழுதிய சிதறுண்ட விசுவாசிகளில் அந்நாட்டாரும் உண்டு. நான்காம் நூற்றாண்டில் பேசில், அவர் தம்பி நிசாவின் கிரகோரி, நண்பர் நசியான்சுவின் கிரகோரி ஆகிய மூவரும் அங்கிருந்துதான் திரித்துவ உபதேசத்தைத் தெளிவுபடுத்தினார்கள். இறையியல் கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பெயர்கள் இவை. அந்தப் பாறைகளைப் பற்றி அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அங்குள்ளது எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய பாறை. உளியால் எளிதாகக் குடைந்துவிடலாம். அதனால்தான் மக்கள் அதனுள்ளே வீடுகளையும் ஆலயங்களையும் மடங்களையும் குடைந்தார்கள்; தெரின்குயு போன்ற ஊர்களில் நிலத்தடியில் பல அடுக்குகளாக நகரங்களையே குடைந்தார்கள். கோரெமே பள்ளத்தாக்கும் சுற்றியுள்ள பாறைத் தலங்களும் 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். காற்றும் மழையும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கி அந்த உருவங்களைப் படைத்தன. எந்த மென்மை அந்த அழகுக்குக் காரணமோ, அதே மென்மையால் சக்கரத்தின்கீழ் அப்பாறை மாவாகிறது. பயணிகள் மூக்கில் கட்டிக்கொள்ளும் துணி அந்த மாவுக்காகத்தான்.

பேசில் தம் சபையாருக்கு ஆறு நாள் சிருஷ்டிப்பைப் பற்றி ஒன்பது பிரசங்கங்கள் செய்தார். லெந்து நாட்களில், சில நாள் காலையிலும் மாலையிலுமாக. புல், விதை, மீன், பறவை, கடல் என்று ஒவ்வொன்றையும் எடுத்து நுணுக்கமாகப் பேசுகிறார். கேட்டவர்களில் அன்றாடம் கைத்தொழில் செய்து பிழைப்பவர்கள் பலர் இருந்தபடியால், அவர்கள் வேலையைக் கெடுக்கக் கூடாதென்று ஓரிடத்தில் பேச்சைச் சுருக்கவும் பார்க்கிறார். (நீண்ட பிரசங்கம் செய்யும் என் சக ஊழியர்களின் கவனத்துக்கு.) அந்தத் தொழிலாளர்கள் பட்டறையிலிருந்து நடந்து வந்தவர்கள். வரும் வழியில் மிதித்த புல்லைப் பற்றித்தான் ஆலயத்தில் கேட்டார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். கொல்லிமலையின் பாறை கப்பத்தோக்கியாவின் பாறையைப் போன்றதன்று. சார்னோக்கைட் எனப்படும் மிகக் கடினமான கல். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படுவதும் இவ்வகைதான். சென்னைப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோய் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லை வைத்து, தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893இல் இப்பெயரை இட்டார். தோமாவின் பெயர் தாங்கிய மலையின் பாறைக்கு ஒரு வணிகரின் பெயர் வந்து சேர்ந்த கதை இது, போகட்டும். கொல்லிமலைப் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். எந்தச் சக்கரமும் அதைக் கீறப் போவதில்லை.

கேடு பாறைக்கு வருவதில்லை. பாறைகளுக்கிடையே பிடித்துவைக்கப்பட்டிருக்கும் மண்ணுக்கு வருகிறது. புளியஞ்சோலையிலிருந்து ஆற்றோரமாக மேலே நடந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். இரண்டு பாறைகளின் இடுக்கில் ஒரு சாண் மண். அதன்மேல் மக்கிய இலை. அதைப் பின்னிப் பிடித்த வேர்கள். அந்தச் சாண் மண்ணில்தான் மரம் நிற்கிறது. அந்த மரத்தால்தான் மண் நிற்கிறது.

குவாட் பைக்கின் சக்கரம் காற்றழுத்தம் குறைந்தது, அகலமானது. எடையைப் பரப்பித் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். நேராக, சீராக உருளும்போது அது நிலத்தை அதிகம் உறுத்துவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மேட்டில் ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணை வாரிப் பின்னே எறிகிறது. வண்டியில் இன்பம் என்று சொல்லப்படுவதும் அந்தக் கணம்தான். வழிகாட்டியோடு போகும் சவாரியில் பத்து வண்டிகள் ஒரே தடத்தில் போகின்றன. மறுநாளும் அதே தடம்தான். ஐப்பசி மழை வரும்போது அந்தத் தடமே வாய்க்கால் ஆகிறது. மழைநீர் புல்லின்மேல் பரவி ஊறுவதற்குப் பதிலாகத் தடத்தில் சேர்ந்து ஓடுகிறது. அடுத்த ஆண்டு அது முழங்கால் ஆழப் பள்ளமாகிறது. வாரிச் செல்லும் மண் அனைத்தும் அய்யாற்றில் இறங்குகிறது.

ஆற்றுக்கு வந்துவிட்டோம். என் எதிர்ப்பின் வேர் இந்த ஆற்றில்தான் இருக்கிறது.

கொல்லிமலையில் 1913 முதல் ஊழியம் செய்த ஜெசி பிராண்ட், எவிலின் பிராண்ட் தம்பதியரைப் பற்றி நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் கேள்விப்பட்டிருப்பார்கள். அக்காலத்தில் மலைக்கு மோட்டார்ச் சாலை கிடையாது. நடந்துதான் ஏறினார்கள், முடியாதவர்களை டோலியில் சுமந்தார்கள். அவர்கள் மலையில் கண்ட கொடிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. அந்நோயின் போக்கு இப்படி: கிருமி கலந்த தண்ணீரைக் குடித்தவரின் உடலில் ஏறத்தாழ ஓராண்டு கழித்து நீளமான புழு வளர்ந்து, பெரும்பாலும் கால் வழியாகக் கொப்புளம் எழுப்பி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அவர் காலைக் குளத்திலோ படிக்கிணற்றிலோ நனைப்பார். நனைத்த நொடியில் புழு தன் குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். அந்நீரை அடுத்தவர் குடிப்பார். ஆகவே ஜெசி பிராண்ட் மக்களுக்குக் கற்பித்தது எளிய ஒரு காரியம்: குடிக்கும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள், கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள். 1929 ஜூன் மாதத்தில், 44 வயதில், அவர் காய்ச்சலில் மரித்தார். எவிலின் அம்மையார் அந்தப் பணியை நெடுநாள் தொடர்ந்தார். நரம்புச் சிலந்தி இந்தியாவிலிருந்து முற்றிலும் ஒழிந்துவிட்டதென 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பு சான்று அளித்தது.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 34ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர்களுக்கு எதிரான கண்டனத்தை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆயர் கூட்டங்களில் அது எங்கள்மேலேயே வந்து விழும் வேதபாகம். ஆனால் 18, 19 வசனங்களில் கண்டனம் மேய்ப்பரைவிட்டு ஆடுகளின் பக்கம் திரும்புவதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். கொழுத்த ஆடுகள் தெளிந்த நீரைத் தாங்கள் குடித்துவிட்டு மீதியைக் காலால் கலக்குகின்றன. பின்னால் வரும் மெலிந்த ஆடுகள் கலங்கல் நீரைக் குடிக்க வேண்டியிருக்கிறது. குடித்ததற்காகக் கர்த்தர் கோபப்படவில்லை. கலக்கியதற்காகக் கேட்கிறார். அய்யாற்றின் மேல்பகுதியில் குளிர்ந்த நீரில் ஒரு பிற்பகல் விளையாட எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் துறையூர் வட்டத்தில் அந்த ஆற்றை நம்பி நெல்லும் வெங்காயமும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தச் சவாரிக்கு ஒருநாளும் வரப்போவதில்லை.

பிராண்ட் தம்பதியரின் மகன் பால், கொல்லிமலையில் வெறுங்காலோடு ஓடித் திரிந்து வளர்ந்து, ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராகத் திரும்பி வந்தவர். தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறையால் உலகம் அறிந்தவர். அவருடைய கண்டுபிடிப்புகளுள் மிகப் பெரியது வேறொன்று என்பேன். தொழுநோயாளிகளின் கை கால்கள் அந்நோயினால் அழுகுவதில்லை. வலியுணர்வு போய்விடுவதால், அவர்களை அறியாமலே காயப்பட்டுக் காயப்பட்டு அழிகின்றன என்று நிறுவினார். நெடுந்தூரம் நடக்கும் ஒருவரின் பாதத்தில் ஓரிடம் நொந்தால், அவர் தம்மையறியாமல் நடையை மாற்றி அந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்கிறார். உணர்வற்ற பாதமோ ஒரே நடையில் போய்க்கொண்டே இருக்கிறது, புண்ணாகும்வரை. துன்புற்ற மக்களின் நோயை நம் வசதிக்கு உவமையாக்கக் கூடாதென்பதை அறிவேன். அவர்கள் உவமைகள் அல்லர், மனிதர்கள். எனினும் மருத்துவர் கற்பித்த அந்தப் பாடம் மலையேறும் எல்லாருக்கும் உரியது. நடக்கிறவனுக்கு மண் பதில் சொல்கிறது. சறுக்குகிறதா, இளகியிருக்கிறதா, வேர் நீட்டியிருக்கிறதா என்று பாதம் கேட்டு, அடியைத் தள்ளி வைக்கிறது. சஸ்பென்ஷனும் காற்றடைத்த டயரும் அந்தப் பதிலை ஓட்டுபவரிடம் சேர்ப்பதில்லை. சேர்க்காமல் இருப்பதற்காகவே அவற்றைப் பொருத்தியிருக்கிறார்கள்.

பால் பிராண்ட் 1985இல் ‘ஒரு கைப்பிடிச் சேறு’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்திய மலைநாட்டில் கழிந்த சிறுவயது நினைவு அதில் வருகிறது. படிப்படியாக அமைந்த நெல்வயலில் அவரும் மலைச் சிறுவர்களும் தவளை பிடித்துத் தண்ணீரைச் சேறாக்குகிறார்கள். வயலைக் காக்கும் முதியவர் ஒருவர் கோலூன்றி வருகிறார். பிள்ளைகள் ஒடுங்கி நிற்கிறார்கள். முதியவர் அடிக்கவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி, இது என்ன, யாருடையது என்று கேட்டு விளக்குகிறார். இந்தக் கைப்பிடிச் சேறு ஆண்டுதோறும் சோறு போடும்; ஓடையில் தெளிந்த நீர் இறங்கினால் மலை நலமாயிருக்கிறது; பழுப்பு நீர் இறங்கினால் மண் போகிறது; போன மண் மலையேறித் திரும்பாது. இதுவே அம்முதியவரின் பாடம். அந்தக் கட்டுரையில் பால் பிராண்ட் இன்னொன்றும் சொல்கிறார்: மண்ணைப் பற்றிய நாடுகளின் கொள்கையில் தம்மால் ஒரு மாற்றம் உண்டாகுமென்றால், மருத்துவத் தொழிலை நாளைக்கே மகிழ்ச்சியோடு விட்டுவிடுவாராம். ஆயிரக்கணக்கான கைகளை நிமிர்த்திய மருத்துவர் சொல்லக்கூடிய வார்த்தையா என்று முதன்முறை வாசித்தபோது திகைத்தேன். இன்று அவ்வளவு திகைப்பதில்லை.

இனி, அந்தத் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மலைப் பிள்ளைகளுக்கு வேலை.

இதை மழுப்பிச் செல்ல எனக்கு மனமில்லை. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) பணப்புழக்கம் தேவை. சாமையும் திணையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியதற்குக் காரணம் அதுதான். சேகோ ஆலைகள் கிழங்குக்கு ரொக்கம் கொடுத்தன. சரிவில் மரவள்ளி பிடுங்கும்போது மண் இளகுவதும், 70 கொண்டை ஊசி வளைவுகளோடு காரவள்ளியிலிருந்து ஏறும் சாலைக்காக மலை வெட்டுண்டதும், குவாட் பைக் செய்யக்கூடியதைவிடப் பெரிய காரியங்கள். அந்தச் சாலையில் காரில் ஏறி, மேலே அன்னாசி வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்களில் நானும் ஒருவன். ஆகவே இயந்திரத்தின்மேல் கல்லெறியும் தகுதி எனக்கில்லை என்று ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆனால் சாலை ஊராருக்கு மருத்துவமனையைக் கொண்டுவந்தது, பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்தது, மிளகையும் காப்பிக்கொட்டையையும் சந்தைக்குக் கொண்டுபோகிறது. ஆற்றுப் பள்ளத்தில் வட்டமடிக்கும் வண்டி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது.

வேலை என்று சொல்லும்போது யாருடைய முதல், யாருடைய கூலி என்று பார்க்க வேண்டும். ஒரு குவாட் பைக் சில இலட்சம் ரூபாய். பத்து வண்டி வாங்கக்கூடியவர் மலைக்காரராக இருக்க வாய்ப்பில்லை. வண்டி அவருடையது, இலாபமும் அவருடையது. மலைப் பிள்ளைக்குக் கிடைப்பது வண்டி கழுவும் வேலையும், முன்னே ஓட்டிச் செல்லும் வேலையும். முன்னே ஓட்டுவதற்கு அவனுக்கு இரண்டு வாரப் பழக்கம் போதும். அவனுடைய தாத்தா கற்றுக்கொடுத்த எதுவும் அந்த வேலைக்குத் தேவைப்படாது. நடந்து வழிகாட்டுவதில் அந்த அறிவுதான் முதல். எந்தப் பாறை வழுக்கும், எந்தப் பழம் தின்னலாம், தேனீக் கூடு எங்கே, மேலே மழை பெய்தால் எத்தனை நேரத்தில் வெள்ளம் இறங்கும் என்பதை அவன் அறிவான். இதை வாங்கக் கடன் வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் வந்து போட்டிக்கு நிற்கவும் முடியாது.

இது வெறுங்கனவன்று. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டு, மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கப்பட்டார்கள். அறப்பளீசுவரர் கோவிலுக்குப் புளியஞ்சோலை வழியாக நடந்து ஏறும் பழக்கம் சாலைக்கும் முந்தியது. வழி ஏற்கெனவே இருக்கிறது. அதை அறிந்தவர்களும் இருக்கிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, பெற்றோர்களுக்காக. பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள் போலிருந்தாலும் குவாட் பைக் சரிவில் எளிதாகக் கவிழ்ந்து, ஓட்டுபவர்மேலேயே விழக்கூடியது. பண்ணைகளில் இதனால் நேர்ந்த மரணங்கள் மிகுந்ததால், ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் புதிதாக விற்கப்படும் பொதுப் பயன்பாட்டு வண்டிகளுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புக் கம்பி கட்டாயமாக்கப்பட்டது. இதற்கு முன்னோடியான மூன்று சக்கர வண்டியின் விற்பனை அமெரிக்காவில் 1988இலேயே நிறுத்தப்பட்டது. அஸ்தமன நேரம் என்பது கண் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே தடுமாறும் நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

“நடக்க முடியாதவர்கள் மலையைப் பார்க்க வேண்டாமா?” என்று எங்கள் சபையின் மூத்த தாயார் ஒருவர் கேட்டார். முழங்கால் வலியோடு கேட்ட கேள்வி, நியாயமானது. எவிலின் அம்மையாரை மீண்டும் நினைக்கிறேன். மிஷன் சங்கம் ஓய்வு கொடுத்தபின் 1947இல், ஏறத்தாழ 68 வயதில், அவர் மறுபடியும் மலையேறிப் போனார். பலமுறை விழுந்து எலும்பு முறிந்தபின், இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரை மேலேறியும் ஊர் ஊராகச் சென்றார். 1974 டிசம்பரில், 95 வயதில் மரிக்கும்வரை அவர் வேறு வீட்டைத் தேடவில்லை. வாழவந்தியில் கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நடக்க முடியாதவரை மலை ஏற்றுக்கொள்வதற்கு வேகம் வேண்டியதில்லை. கூட நடக்க ஆட்கள் வேண்டும். சக்கர நாற்காலி போகுமளவுக்கு ஆற்றோரத்தில் ஒரு சமதளப் பாதையும், நல்ல கழிப்பறையும், உட்கார நாலு திண்ணையும் அமைந்தால் அந்தத் தாயார் எங்களுக்கு முன்பாகவே அங்கே உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருப்பார். புளியஞ்சோலைக்கு அரசு பணம் ஒதுக்குமானால் நான் கேட்பது இவற்றைத்தான்.

ஜப்பானிய இறையியலாளர் கொசுகே கொயாமா, மணிக்கு மூன்று மைல் வேகத்தில் வரும் கடவுள் என்ற கருத்தைத் தலைப்பாக வைத்து 1979இல் ஒரு நூல் எழுதினார். மனிதன் நடக்கும் வேகம் அது. எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீஷரின் சம்பவத்தை எண்ணிப் பாருங்கள் (லூக்கா 24). ஏறத்தாழ 11 கிலோமீட்டர், மாலை நேரம், கூட வந்து சேர்ந்த அந்நியர் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறார். அவர்கள் துக்கத்தைக் கொட்டுகிறார்கள், அவர் வேதத்தை விளக்குகிறார். பக்கத்தில் நடப்பதனால்தான் இவ்வளவும் நடந்தது. குவாட் பைக் வரிசையில் ஒருவருக்கொருவர் பேச முடியாது. முன்வண்டியின் சிவப்பு விளக்கும் அதன் புழுதியும்தான் கண்ணுக்குத் தெரியும். நம் வாலிபர்களில் சிலருக்கு வேலையில்லை, சிலருக்கு வீட்டில் சமாதானமில்லை. முகாமுக்கு அவர்கள் வருவதே யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசத்தான் என்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறேன். ஒலிபெருக்கி வைத்து நாம் நடத்தும் கூட்டங்களைவிட, பாறையில் ஏற ஒருவன் கைகொடுக்கும்போது பேச்சு எளிதாகத் தொடங்குகிறது.

எனவே முகாமைப் பற்றி வாலிபர் ஐக்கியத்தாரிடம் நான் சொல்லியிருப்பவை இவை. பேருந்தை ஊரிலேயே நிறுத்திவிட்டு நடக்கலாம். ஆற்றோரமாக மேலே போவதானால் வனத்துறையின் அனுமதி வாங்கியபின்னரே, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு போக வேண்டும். அவருக்குரிய கூலியை முந்தின நாளே பேசி முடித்துவிட வேண்டும், அங்கே போய்ப் பேரம் பேசக் கூடாது. மதிய உணவில் அவருக்கும் ஓர் இலை. சோப்பு, ஷாம்பு பொட்டலம் எதுவும் பையில் இருக்கக் கூடாது. காலை எட்டு மணிக்குள் புறப்பட்டால் மூன்று மணிக்குள் இறங்கிவிடலாம். அதற்குமேல் அங்கே வெளிச்சம் வேகமாகக் குறையும். கீழே வெயிலடித்தாலும் மேலே மலைமுகடு கறுத்திருந்தால் ஒருவரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஆறு நிறம் மாறத் தொடங்கினால் துணிமணியை எடுக்க நில்லாமல் கரையேறுங்கள்.